ஒரே ஒரு கேமின் திரை மட்டும் திரும்பத் திரும்ப இழுபடுகிறது, மெமரி கார்டை அழித்துவிடலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை தொகுப்பைப் போட்டிருக்கிறீர்கள். சூப்பர் நின்டெண்டோ கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தபோது மெனுவுக்குள் போய், படத்தை டிவி முழுவதும் நிரம்பும்படி 16:9-க்கு இழுத்து வைத்தீர்கள். இப்போது பழைய 4:3 வேண்டும். மெனுவில் மாற்றினால் உடனே மாறுகிறது, ஆனால் கேமை மூடித் திறந்தால் மறுபடி இழுபட்டு நிற்கிறது. மற்ற கேம்களில் இந்தத் தொல்லை இல்லை. எமுலேட்டரை (பழைய கேம் சாதனத்தைப் போல நடிக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று, பலனில்லை. ஆக, 4:3 ஆக்குவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் மாற்றிய பிறகும் அதை மீறி வேறு எங்கிருந்தோ இந்த முடிவு எடுக்கப்படுகிறது, அது எங்கே என்பதுதான் கேள்வி.

கார்டை அழிக்க வேண்டாம். அழித்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற கதை. எட்டு வருடமாக இந்தப் பெட்டிகளை எனக்கும் நண்பர்களுக்கும் அமைத்துக் கொடுத்து வருகிறேன். 'செட்டிங் சிக்கிக்கொண்டது' என்று வந்தவற்றில் உண்மையாகவே எதுவும் சிக்கியிருந்ததாக நினைவில்லை. ஒரே செட்டிங் இரண்டு மூன்று கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். நாம் ஒன்றைத் திருத்துவோம், ஜெயிப்பது இன்னொன்றாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. புதிய மதிப்பு ஏன் நிற்கவில்லை என்பது ஒன்று, பழைய மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை எளிது. ரெட்ரோபைக்குள் பெரும்பாலான எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் 'வெளியேறும்போது அமைப்புகளைச் சேமி' என்று ஒரு செட்டிங் உண்டு. ரெட்ரோபை அதை வேண்டுமென்றே அணைத்து வைத்துத்தான் தருகிறது. அதனால் கேமுக்குள் மெனுவில் செய்யும் மாற்றம் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும்தான். நீங்களாகச் சேமிக்கச் சொல்லாதவரை வெளியே வந்ததும் அது காற்றில் போய்விடும். இது பழுதில்லை. தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் குழப்பிக்கொள்கிறவர்களைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

இரண்டாவதுதான் சுவாரசியமானது. முதல்முறை நீங்கள் இழுத்து வைத்தது மட்டும் எப்படி நிலைத்தது? ஏதோ ஒரு விதத்தில் அதைச் சேமித்திருக்கிறீர்கள். ஒரு கேமில் மட்டும் தெரிகிறது என்பதால், 'கேம் ஓவர்ரைடு' (அந்தக் கேமுக்கு மட்டும் பொது அமைப்பை மீறும் கோப்பு) ஆகச் சேமித்திருக்கிறீர்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன். கேம் ஓடும்போது வரும் குயிக் மெனுவில் ஓவர்ரைடு என்ற பகுதி இருக்கிறது. அதில் கோருக்காகச் சேமி, ஃபோல்டருக்காகச் சேமி, கேமுக்காகச் சேமி என்று மூன்று இருக்கும். கோர் என்பது ரெட்ரோஆர்ச்சுக்குள் ஓடும் எமுலேட்டர், உங்களுக்குப் பெரும்பாலும் ஸ்னெஸ்9எக்ஸ். கேம் தொடங்கும்போது பொதுவான அமைப்பை முதலில் படித்து, அதன் மேல் கோருக்கானதை, அதன் மேல் ஃபோல்டருக்கானதை, கடைசியில் கேமுக்கானதை ரெட்ரோஆர்ச் பூசிக்கொண்டே வருகிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கடைசியாகப் பேசியது செல்லும். கேம் ஓவர்ரைடில் 16:9 என்று ஒரு வரி இருந்தால், கீழே உள்ள அடுக்குகளில் நீங்கள் என்ன எழுதினாலும் எடுபடாது.

மறுபடி நிறுவியது ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. எமுலேட்டர் ஓரிடத்தில் இருக்கிறது, அதன் அமைப்புக் கோப்புகள் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. மறுநிறுவலின்போது பயனர் கைவைத்த அமைப்புக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் ரெட்ரோபை அதைத் தொடாது. புதிய நகலைப் பக்கத்திலேயே 'ஆர்பி-டிஸ்ட்' என்று முடியும் பெயரில் வைத்துவிட்டுப் போய்விடும். நல்ல எண்ணம்தான். ஆனால் மறுநிறுவலை நம்பி வருகிறவருக்கு இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலையாக முடிகிறது.

என் ஊகத்தைச் சரிபார்க்க எந்தக் கோப்பையும் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். கேம் ஓவர்ரைடு கேம் கோப்பின் பெயரை வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. அந்த ரோம் கோப்பை, அதாவது கேம் கோப்பை, அதே ஃபோல்டருக்குள் வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள், கேம் பட்டியலைக் காட்டும் எமுலேஷன்ஸ்டேஷனை ரீஸ்டார்ட் செய்து நகலைத் திறங்கள். நகல் 4:3-இல் வந்து அசல் இழுபட்டே இருந்தால், குற்றவாளி அந்தப் பெயரோடு கட்டப்பட்ட கோப்புதான், சந்தேகமே வேண்டாம். நகலும் இழுபட்டால் கோர், ஃபோல்டர், சிஸ்டம் என்று கீழே இறங்கித் தேட வேண்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நகலில் நீங்கள் பாதியில் விட்ட ஆட்டம் தெரியாது. சேமிப்புக் கோப்பும் பெயரை வைத்தே தேடப்படுவதால் அப்படி. பதற வேண்டாம், அசலின் சேமிப்பு அப்படியே இருக்கும்.

சரி, கோப்பைக் கண்டுபிடிப்போம். ரெட்ரோபையின் 'கான்ஃபிக்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஆல்', அதற்குள் 'ரெட்ரோஆர்ச்', அதற்குள் 'கான்ஃபிக்', அதற்குள் கோரின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் உங்கள் கேமின் பெயரோடு, சிஎஃப்ஜி என்று முடிகிற கோப்பு இருக்க வேண்டும். சம்பா என்ற கோப்புப் பகிர்வு வசதியை இயக்கியிருந்தால் நெட்வொர்க் வழியாகக் கணினியிலிருந்தே 'கான்ஃபிக்ஸ்' ஃபோல்டருக்குள் போய்விடலாம், கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டியதில்லை. கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள்தான் இருக்கும், ஏனென்றால் அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபட்டவை மட்டுமே ஓவர்ரைடில் எழுதப்படும். 'ஆஸ்பெக்ட் ரேஷியோ இண்டெக்ஸ்' என்ற வரியில் 1 என்று இருந்தால் அது 16:9, 0 என்றால் 4:3.

அந்தக் கோப்பை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் 'பழையது' என்று ஒட்டினாலும் போதும். கேமைத் திறந்து பாருங்கள். சரியானால் பிறகு நிதானமாக அழித்துக்கொள்ளலாம். சரியாகாவிட்டால் பெயரைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம். ஒரே நேரத்தில் மூன்று கோப்புகளை அழித்துவிட்டு, எது சரிசெய்தது என்று தெரியாமல், இரண்டு வாரம் கழித்து கண்ட்ரோலர் பொத்தான்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்து விழித்தவர்களைத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

கோப்பில் கைவைக்க விருப்பமில்லையென்றால் மெனு வழியிலும் முடியும். கேமைத் திறந்து, விகிதத்தை 4:3-க்கு மாற்றி, மறுபடி அதே ஓவர்ரைடு பகுதிக்குப் போய் 'கேமுக்காகச் சேமி' என்பதை அழுத்துங்கள். நீங்கள் இதுவரை விட்டது இந்தக் கடைசிப் படியைத்தான் என்பது என் எண்ணம். புதிய பதிப்புகளில் ஓவர்ரைடை நீக்கும் வசதியும் அதே பகுதியில் இருக்கிறது.

மேலே சொன்ன சோதனையில் நகலும் இழுபட்டால் என்ன செய்வது? அப்போது நான் அடுத்ததாகப் பார்ப்பது சிஸ்டம் கோப்பை. 'கான்ஃபிக்ஸ்' ஃபோல்டருக்குள் சூப்பர் நின்டெண்டோ போன்ற ஒவ்வொரு கேம் சாதனத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதில் ரெட்ரோஆர்ச் பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். இயல்பாக அதில் ஐந்தாறு வரிகள்தான். கடைசி வரியில், பொதுக் கோப்பை இங்கே சேர்த்துக்கொள் என்று ஒரு 'இன்க்ளூட்' கட்டளை. இந்தக் கோப்பில் இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டிலும் நிறையப் பேர் விழுகிறார்கள்.

முதல் பொறி வரிசை. ஓவர்ரைடு அடுக்குகளில் கடைசியாகப் பேசுவது ஜெயிக்கும் என்றேன் அல்லவா? ஒரே கோப்புக்குள் நேர் எதிர். ஒரு செட்டிங் இரண்டு முறை வந்தால் ரெட்ரோஆர்ச் முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், முதலில் துண்டு போட்டவருக்கே இடம். அதனால் சிஸ்டம் கோப்பில் நீங்கள் சேர்க்கும் வரி அந்த 'இன்க்ளூட்' வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால், பொதுக் கோப்பில் அதே செட்டிங் ஏற்கெனவே இருக்கும்பட்சத்தில், உங்கள் வரி கண்ணுக்குத் தெரியும், காரியத்துக்கு ஆகாது. கோப்பின் அடியில் போய் வரி சேர்ப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிற பழக்கம், அதுதான் இங்கே காலை வாரிவிடுகிறது.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓவர்ரைடு பகுதிக்குப் போகாமல், முதன்மை மெனுவில் 'தற்போதைய அமைப்பைச் சேமி' என்பதை அழுத்தினால் என்ன ஆகும்? ரெட்ரோஆர்ச் அப்போது பயன்பாட்டில் இருக்கும் அத்தனை செட்டிங்கையும் அந்தச் சிறிய சிஸ்டம் கோப்பில் கொட்டிவிடும். ஐந்து வரி இருந்த கோப்பு நூற்றுக்கணக்கான வரிகளாக வீங்கிவிடும். அதற்குப் பிறகு பொதுக் கோப்பில் எதை மாற்றினாலும் அந்தச் சாதனத்தின் கேம்களுக்கு மட்டும் உறைக்காது. 'மற்ற எல்லாவற்றிலும் மாறுகிறது, சூப்பர் நின்டெண்டோவில் மட்டும் மாறமாட்டேன் என்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்தக் கோப்பின் அளவைத்தான். தீர்வு எளிது. வீங்கிய கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்தில் 'ஆர்பி-டிஸ்ட்' நகல் இருந்தால் அதை அந்த இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் வேறொரு சாதனத்தின் சிறிய கோப்பைப் பார்த்து அந்த ஐந்தாறு வரிகளைத் தட்டி, சாதனத்தின் பெயர் வரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ரெட்ரோஆர்ச்சுக்குள் ஓடும் கோர்களுக்குத்தான் பொருந்தும். ரெட்ரோபை பட்டியலில் 'எல்ஆர்' என்று தொடங்கும் பெயர்கள் அப்படிப்பட்டவை. அந்த முன்னொட்டு இல்லாதவை தனித்து ஓடும் எமுலேட்டர்கள். மூபன்64பிளஸும் பிபிஎஸ்எஸ்பிபியும் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. தனித்து ஓடும் வகைக்கு ரெட்ரோஆர்ச்சின் செட்டிங் எதுவுமே தெரியாது, தனக்கென்று ஒரு கோப்பை வைத்துக்கொள்ளும். அந்தக் கேமுக்கு மட்டும் வேறு எமுலேட்டரை எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு மறந்திருந்தால், ரெட்ரோஆர்ச்சில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. இதைப் பார்க்க, கேம் தொடங்கும்போது சில நொடிகள் வரும் சிறு பெட்டியின்போது ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். ரன்கமாண்ட் என்ற தொடக்க மெனு திறக்கும். இந்த ரோமுக்கு எந்த எமுலேட்டர், எந்தத் திரைத் தெளிவு (ரெசல்யூஷன்) என்று தனியாக ஏதாவது பதிந்திருந்தால் அங்கே தெரியும், நீக்கவும் முடியும். உங்கள் கேள்வியில் எமுலேட்டரின் பெயர் இல்லாததால் இதை நான் முழுவதும் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் சூப்பர் நின்டெண்டோவுக்கு வாய்ப்பு குறைவு.

அதே ரன்கமாண்ட் மெனுவில் விரிவான லாக்கோடு (நடந்ததைப் பதியும் குறிப்புக் கோப்போடு) தொடங்கும் வழி ஒன்றும் உண்டு. ஊகம் எல்லாம் தீர்ந்த பிறகு, சொல்லப்போனால் ஊகிப்பதற்கு முன்பே, செய்ய வேண்டியது அதுதான். கேமை அப்படித் தொடங்கி உடனே வெளியே வாருங்கள். லாக்கில் எந்த அமைப்புக் கோப்பு படிக்கப்பட்டது, எந்த ஓவர்ரைடு எந்தப் பாதையில் கிடைத்தது என்று ரெட்ரோஆர்ச் தன் வாயாலேயே சொல்லியிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: ரெட்ரோபை அந்த லாக்கைக் கார்டில் எழுதுவதில்லை, நினைவகத்தில் வைக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், அடுத்த கேமைத் திறந்தால் அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். வெளியே வந்ததும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான்கள் இடம் மாறி நின்றாலும் இதே கதைதான், கோப்பின் வகைதான் வேறு. பொத்தான் மாற்றங்கள் 'ஆர்எம்பி' என்று முடியும் ரீமேப் கோப்பில் போகும். கோருக்கே உரிய விருப்பங்கள் எல்லாக் கோர்களுக்குமான ஒரு பொதுக் கோப்பிலோ, கேமுக்கென்று தனியாக இருந்தால் 'ஆப்ட்' என்று முடியும் கோப்பிலோ போகும். ஷேடர் (படத்துக்கு மெருகூட்டும் வடிப்பி) அமைப்பு இன்னொரு வகை. இவை எதையும் ஓவர்ரைடு கோப்பில் தேடிப் பயனில்லை. ஸ்னெஸ்9எக்ஸ் கோரிலேயே திரை விகிதத்துக்கு ஒரு விருப்பம் இருப்பதால் அதன் மேலும் சந்தேகம் வரலாம். ஆனால் அது சாதனத்தின் இயல்பான அளவைச் சுற்றி நடக்கிற சின்னத் திருத்தம், டிவி முழுக்க இழுக்கிற வேலை அதற்கு இல்லை. 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், வட்டமெல்லாம் முட்டையாகும். நீங்கள் சொல்வது அந்த அளவு என்பதால் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

ரெட்ரோபை போன்ற இன்னொரு தொகுப்பான படோசெராவை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒவ்வொரு முறை கேம் தொடங்கும்போதும் ரெட்ரோஆர்ச்சின் அமைப்புக் கோப்பு புதிதாக உருவாக்கப்படுகிறது. ரெட்ரோஆர்ச் மெனுவில் சேமித்தாலும் அடுத்த முறை அது எழுதி மூடப்பட்டுவிடும். படோசெராவின் சொந்த மெனுவில், கேமின் மேல் நின்று அதற்கான கூடுதல் அமைப்புகளைத் திறந்து மாற்றுவதே வழி. மேலே சொன்ன கோப்பு வேட்டையை அங்கே செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொரு பொதுவான தவறு, கேம் ஓடும்போதே கணினியிலிருந்து கோப்பைத் திருத்துவது. மூபன்64பிளஸ் போன்ற சில தனி எமுலேட்டர்கள் வெளியேறும்போது தங்கள் அமைப்பை எழுதிவிட்டுப் போகும். 'வெளியேறும்போது சேமி' இயக்கப்பட்டிருந்தால் ரெட்ரோஆர்ச்சும் அதையே செய்யும். நீங்கள் கஷ்டப்பட்டுத் திருத்தியதன் மேல் பழைய மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். முதலில் கேமை மூடுங்கள், அப்புறம் திருத்துங்கள். மூடுவது என்றால் மெனு வழியாக. பிளக்கைப் பிடுங்குவது கணக்கில் வராது, எழுத வேண்டியது எழுதப்படாமலே போய்விடும்.

இதற்கும் கீழே கார்டு என்று ஓர் அடுக்கு இருக்கிறது. எதை மாற்றினாலும், எந்தக் கேமிலும், எந்தக் கோப்பிலும் நிற்கவில்லை என்றால் எமுலேட்டரை விட்டுவிட்டு அங்கே பாருங்கள். கார்டு நிரம்பியிருக்கலாம். நிர்வாகி உரிமையோடு கோப்பை உருவாக்கியதால் அது ரூட் பயனருக்குச் சொந்தமாகி, சாதாரணப் பயனரால் எழுத முடியாமல் போயிருக்கலாம். கோப்பு முறைமையில் பிழை கண்டு லினக்ஸே அதைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கலாம். எனக்கு ஒருமுறை இதைவிட விசித்திரமாக நடந்தது. கோப்பைத் திருத்துவேன், திறந்து பார்ப்பேன், மாற்றம் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் பழையதே திரும்பி வரும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மூன்று மாலைகள் ரெட்ரோஆர்ச்சைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி ரீஸ்டார்ட் செய்தேன், அதுவும் மாயமாகிவிட்டது. ஆயுள் முடிந்த சில கார்டுகள் இப்படித்தான், எழுதியதாகத் தலையாட்டிவிட்டு எதையும் எழுதாது. உங்களுக்கு ஒரே ஒரு கேமில்தான் சிக்கல் என்பதால் இது உங்கள் கதையில்லை. ஆனாலும் அந்த வெற்றுக் கோப்புச் சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

டிவியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படத்தை விரிக்கும் செட்டிங் டிவிக்கென்று தனியாக உண்டு, சில டிவிகள் அதை வரும் சிக்னலின் தெளிவைப் பொறுத்துத் தனித்தனியாக நினைவில் வைக்கும். அந்தக் கேமுக்கு மட்டும் ரன்கமாண்டில் வேறு தெளிவு பதிந்திருந்தால், அந்தக் கேம் வரும்போது மட்டும் டிவி தானாக இழுத்துக்காட்டக்கூடும். ரெட்ரோஆர்ச்சின் மெனு எழுத்துகளும் சேர்ந்து அகலமாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எழுத்தும் இழுபட்டால் டிவி, எழுத்து சரியாக இருந்து கேம் மட்டும் இழுபட்டால் ரெட்ரோஆர்ச்.

முதலில் நகல் சோதனை, அது சொல்வதைப் பொறுத்து கேம் கோப்போ சிஸ்டம் கோப்போ, இந்த வரிசையில் போங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் விரிவான லாக்கையும், சிஸ்டம் கோப்பு எத்தனை வரி என்பதையும், ரன்கமாண்ட் மெனுவில் தெரியும் எமுலேட்டரின் பெயரையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.